வெள்ளிக்கிழமை கட்டிய கயிறு

யாராவது என்னிடம் "உங்க அனுபவத்தைக் கொஞ்சம் சொல்லுங்க சிஸ்டர்" என்று கேட்டால், இவர்களுக்கு என்ன காரியம் ஆக வேண்டியிருக்கிறதோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். போன மாதம் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். அவசரப் பிரிவை ஒட்டி மனநோயாளிகளுக்கென்று தனி அறை கட்டியிருக்கிறார்களாம். சுவரெல்லாம் மெத்தை, கூரையில் கேமரா. யாரையாவது கட்டிப்போட்டால் ஏன் கட்டினோம், எத்தனை மணிக்குக் கட்டினோம், எத்தனை மணிக்கு அவிழ்த்தோம் என்று எழுத இரண்டு பக்கப் படிவம் வேறு வந்திருக்கிறதாம். ஆவேசமாக வருகிறவர்களை எப்படி அமைதிப்படுத்துவது என்று புதிதாகச் சேர்ந்த நர்ஸுகளுக்கு நான் எழுதித் தர வேண்டுமாம்.

"இந்த விஷயத்துல உங்கள அடிச்சிக்க ஆளே இல்ல சிஸ்டர்" என்றாள். ஐஸ் வைக்கிறாள் என்று தெரிந்தது. ஆனாலும் எழுதுகிறேன். வேப்பம்பட்டு வீட்டில் உட்கார்ந்து எந்த ரயில் எவ்வளவு லேட் என்று பார்த்துக்கொண்டிருப்பதற்கு இது தேவலாம். ஆனால் அவள் எதிர்பார்ப்பது போல் நான் கெட்டிக்காரியாக இருந்த கதையை மட்டும் எழுதி முடித்துவிட எனக்கு மனசு வரவில்லை.

என் அப்பா கடம்பத்தூர் பக்கம் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர். நான் சர்ச் விடுதியில் தங்கி நர்ஸிங் படித்தேன். அதில் மனநல வார்டில் இருந்தது ஒரே ஒரு மாதம். கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும் என்பதைத் தவிர அங்கே நான் எதுவும் கற்றுக்கொண்டதாக நினைவில்லை. மிச்சத்தையெல்லாம் அவசரப் பிரிவுதான் கற்றுக்கொடுத்தது.

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். வெண்டைக்காயைக்கூட நுனி ஒடித்துப் பார்க்காமல் வாங்க மாட்டேன். அவசரப் பிரிவில் இந்தக் குணம்தான் எனக்கு மரியாதை வாங்கிக் கொடுத்தது. ஒருமுறை ஒரு காண்ட்ராக்டரின் ஆட்கள் மூன்று பேர் வடநாட்டுத் தொழிலாளி ஒருவனை லாரிக் கயிற்றால் கட்டிக் கொண்டுவந்தார்கள். "மெண்டலு சிஸ்டர், காலைலருந்து கண்டதப் பேசிக்கினு கீறான்" என்றான் ஒருவன். மற்ற இருவரையும் தனித்தனியாகக் கேட்டேன். அதே வார்த்தைகளை அதே வரிசையில் சொன்னார்கள். ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள். நான் நோயாளியின் தலையைத் திருப்பிக் காதுக்குள் பார்த்தேன். காய்ந்த ரத்தம். சாரத்திலிருந்து விழுந்தவனை, கேஸ் ஆகாமல் இருக்க, பைத்தியம் என்று கொண்டுவந்திருந்தார்கள். அன்றைக்கே சென்னைக்கு அனுப்பி ஆபரேஷன் நடந்து பிழைத்துக்கொண்டான். அதிலிருந்து எனக்கு 'சிஐடி சிஸ்டர்' என்று பெயர். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது, பொய் சொல்வானேன்.

எனக்கு மேலே இருந்தவர் மனநல மருத்துவர் கோதண்டம். ஒடிசலான மனிதர், வெற்றிலை போட்ட மாதிரி எப்போதும் அரை வாயில் பேசுவார். ஆவேசமாக ஒருவன் வந்திருக்கிறான் என்று ஓடிப்போய்ச் சொன்னால் அவர் ஓடிவர மாட்டார். வாட்சைக் கழற்றுவார். பேனாவை எடுத்து மேஜை டிராயரில் வைப்பார். ஸ்டெதஸ்கோப்பும் உள்ளே போகும். அடையாள அட்டை நாடாவை எங்களையும் கழற்றச் சொல்வார், அது கழுத்தை நெரிக்க வசதியான சமாச்சாரம். கத்தரிக்கோல் யார் பாக்கெட்டிலும் இருக்கக் கூடாது. இதெல்லாம் முடிந்த பிறகுதான் உள்ளே நுழைவார்.

நோயாளிக்கு நேர் எதிரே நிற்க மாட்டார். இரண்டு கை நீளம் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில், உள்ளங்கை தெரிகிற மாதிரி நிற்பார். கதவுக்கும் நோயாளிக்கும் நடுவில் யாரும் நிற்கக் கூடாது. ஒருவர்தான் பேச வேண்டும். எங்கள் பக்கத்தில் இதுதான் பெரிய கஷ்டம், ஒருவனுக்குப் புத்தி பிசகினால் பதினைந்து பேர் புத்தி சொல்வார்கள். "பயப்படாதீங்க" என்ற வார்த்தை மட்டும் வாயில் வரக் கூடாது என்பார். "பயப்படாதன்னு சொன்னா, பயப்பட இங்க என்னமோ இருக்குதுன்னு ஆயிடும் ரோஸி."

அவர் சொல்வது எப்போதும் ஒன்றுதான். "நான் டாக்டர் கோதண்டம். இது ஆஸ்பத்திரி. ஒங்கள இங்க யாரும் அடிக்க மாட்டாங்க. தண்ணி குடிக்கிறீங்களா, டீ குடிக்கிறீங்களா?" இதையே திரும்பத் திரும்பச் சொல்வார். எதிராளி கத்தக் கத்த அவர் குரல் இறங்கிக்கொண்டே போகும். கடைசியில் இந்த ஆள் என்னதான் சொல்கிறான் என்று கேட்பதற்காகவாவது கத்துகிறவன் நிறுத்துவான். மாத்திரையா ஊசியா என்று அவனையே கேட்பார். எதற்கும் அடங்கவில்லை என்றால்தான் பிடிப்பது. கைகால் நான்குக்கும் நான்கு பேர், தலைமாட்டில் பேச்சுக் கொடுக்க ஒருவர். குப்புறப் போடக் கூடாது, நெஞ்சில் முட்டி வைக்கக் கூடாது. துணிப்பட்டையில் கட்டினால் இரண்டு விரல் நுழைய இடம் வேண்டும். கால் மணிக்கு ஒருமுறை மூச்சையும் நாடியையும் பார்த்து எழுத வேண்டும்.

என்மேல் அவருக்கு ஒரே ஒரு குறைதான். "சந்தேகப்படு, வேணாங்கல. ஆனா கேஸ் ஷீட்ல சந்தேகத்த எழுதாத. பாத்தத எழுது, கேட்டத எழுது" என்பார். நான் தலையை ஆட்டிவிட்டு என் வழியில் போவேன்.

ஏழுமலை வந்தது ஒரு திங்கட்கிழமை காலை. கோதண்டம் வெளிநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். குட்டியானை சரக்கு வண்டியின் பின்னால் போட்டு அவரைக் கொண்டுவந்தார்கள். நாற்பத்தைந்து வயது இருக்கும், கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு மில்லில் உலை வேலை, ஆரணி ஆற்றோரம் கிராமம். கூட அண்ணன் கன்னியப்பன், பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர், மனைவி அமுலு. ஏழுமலைக்குக் கை, நாக்கு எல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தன. சட்டை தெப்பலாக நனைந்திருந்தது. "நெருப்புப் பூச்சி வருது, தட்டு, தட்டு" என்று தன்மேலேயே அடித்துக்கொண்டார்.

வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். காய்ச்சலா, தலையில் அடியா, சர்க்கரையா. எல்லாவற்றையும் அத்தனை பேர் நடுவில், சத்தமாக. குடிப்பழக்கம் உண்டா என்றதும் அமுலு சட்டென்று கன்னியப்பனைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள்.

"அந்த மாரி இன்னாவும் இல்ல சிஸ்டர்" என்றாள்.

"எந்தக் கெட்ட பயக்கமும் கெடையாது" என்றார் கன்னியப்பன். "அத்த உடுங்க. டாக்டரு ஒரு லெட்டரு குடுப்பாரா? இன்னிக்கே வோணும்."

எனக்கு உள்ளே மணி அடித்தது. தம்பி இந்தக் கோலத்தில் கிடக்க, இவனுக்கு எதற்கு லெட்டர்? நிலம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். "கீது, ஒன்ற ஏக்கரு. எனுக்கும் தம்பிக்கும் பொதுவுல" என்றார். ஆலைகள் வந்த பிறகு அந்தப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் என்றால் சும்மாவா? அப்புறம் ஏழுமலையின் இடது கையைப் பார்த்தேன். கட்டைவிரலில் நீல மை. கழுவியும் போகாமல் ரேகைக்குள் தங்கியிருந்தது. அவ்வளவுதான், கதை முழுவதும் என் மண்டைக்குள் ஓடி முடிந்துவிட்டது. ஊமத்தங்காயை அரைத்துக் கொடுத்து, புத்தி பேதலித்த நேரத்தில் பத்திரத்தில் ரேகை வாங்கிவிட்டு, இப்போது பைத்தியம் என்று சர்டிபிகேட் கேட்கிறான்.

வலது மணிக்கட்டில் மஞ்சளும் கறுப்புமாக ஒரு தடித்த கயிறு இருந்தது. மந்திரித்துக் கட்டியிருக்கிறான் என்று அதையும் அண்ணன் கணக்கில் சேர்த்தேன். நோயாளியின் கையில் கழுத்தில் எதுவும் இருக்கக் கூடாது என்பது விதி. பாக்கெட்டில் கத்தரிக்கோல் இருக்கக் கூடாது என்பதும் விதிதான். இரண்டாவது விதியை மீறி, முதல் விதியைக் காப்பாற்றினேன். யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் கயிற்றை வெட்டிக் குப்பைக் கூடையில் போட்டேன்.

அதுவரை பூச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தன் மணிக்கட்டைப் பார்த்தார். "அறுத்துட்டாளே! அம்மா, அறுத்துட்டாளே!" என்று போட்ட கூச்சலில் எக்ஸ்ரே வரிசையில் நின்றவர்கள்கூட ஓடிவந்தார்கள். என்மேல் பாய்ந்தார். அமுலு நெற்றியில் அடித்துக்கொண்டாள். "இன்னா கயிறும்மா அது?" என்று கேட்டேன். வாயைத் திறக்கவில்லை. கன்னியப்பனைத்தான் பார்த்தாள். மிரட்டி வைத்திருக்கிறான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. ஐந்து பேர் பிடித்துக் கட்டிலில் போட்டுத் துணிப்பட்டையில் கட்டினோம். சொந்தக்காரர்கள் எல்லாரையும் வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டேன்.

டூட்டி டாக்டர் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத பெண். நல்லபடியாகத்தான் கேட்டாள்: "குடிப்பாரா சிஸ்டர்?"

"இல்ல மேடம், கேட்டுட்டேன். ஊமத்தங்கா குடுத்திருப்பாங்கன்னு தோணுது. அந்த அண்ணன்காரன் மூஞ்சியே சரியில்ல."

சிஐடி சிஸ்டர் சொன்ன பிறகு அவள் என்ன மறுத்துப் பேசப்போகிறாள்? கேஸ் ஷீட்டில் எழுதினேன்: 'குடிப்பழக்கம் இல்லை. உறவினர் கூற்று.' கோதண்டம் சொன்னபடி கேட்டதைத்தான் எழுதியிருக்கிறேன், பாருங்கள்.

அப்போது கதவுக் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். அமுலு. ஒருத்தியாக நின்றாள். "சிஸ்டர், ஒரே ஒரு வார்த்த. தனியா" என்றாள். அண்ணன்தான் உளவு பார்க்க அனுப்பியிருக்கிறான் என்று நினைத்தேன். "மொதல்ல அப்பால போம்மா. கூப்புடுவோம்" என்றேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் தட்டினாள். நான் திரையைக் கண்ணாடிமேல் இழுத்துவிட்டேன்.

ஆவேசத்துக்கு வழக்கமாகப் போடும் ஹாலோபெரிடால் ஊசியையே டாக்டர் எழுதினாள். நான் போட்டேன். ஆஸ்பத்திரி போலீஸ்காரருக்கு ஆள் அனுப்பி, கன்னியப்பனை எங்கேயும் விடாதீர்கள் என்றும் சொல்லி வைத்தேன். இருபது நிமிஷத்தில் ஏழுமலைக்கு வலிப்பு வந்தது. பட்டைகளை அவிழ்ப்பதற்குள் தோள்மூட்டு கழன்றது. அது நின்று மூச்சு வாங்குவதற்குள் இன்னொன்று. உதடு நீலமாகி, மூச்சு நின்றே போனது. மூச்சுக் கொடுக்கும் பலூனை முகத்தில் வைத்து அழுத்தியது என் கைதான். மனிதர் போய்விட்டார் என்றே நினைத்தேன்.

அன்றைக்கு கோதண்டம் வாட்சைக் கழற்றாமல் ஓடிவந்தார். மூச்சு திரும்பிய பிறகு என்ன நடந்தது என்று கேட்டார். ஊமத்தை, நிலம், மை, லெட்டர் என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"ஊமத்தை சாப்புட்டா ஒடம்பு காய்ஞ்சி போகும் ரோஸி" என்றார். "இவர் சட்டையப் பிழிஞ்சா ஒரு பக்கெட் தண்ணி வரும்."

எனக்குத் தெரியாததா? மாணவிகளுக்கு நானே பாடம் நடத்தியிருக்கிறேன். மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு அன்று வேர்வைகூடக் கண்ணில் படவில்லை.

மணிக்கட்டில் கயிறு அழுந்தியிருந்த தடத்தைத் தொட்டு, "இங்க இருந்தது எங்க?" என்றார். குப்பைக் கூடையைக் காட்டினேன். அமுலுவை மட்டும் ஊசி போடும் அறைக்கு வரச் சொன்னார். அவளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, தான் படிக்கட்டு ஸ்டூலில், அவளைவிடத் தாழ உட்கார்ந்தார்.

"அம்மா, நான் எதுவும் கேக்க மாட்டேன். நீங்களும் எதுவும் சொல்ல வேணாம். கயிறு எந்தக் கிழமை கட்டினது? அத மட்டும் சொல்லுங்க."

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "வெள்ளிக்கெழம சார். காலைல."

கோதண்டம் விரல் விட்டு எண்ணினார். வெள்ளி, சனி, ஞாயிறு. எழுந்தபடியே, "குடிய நிறுத்தி மூணு நாள் முடிஞ்சிருக்கு. லோரஸிபாம் எடு, தயமின் எடு, ஓடு" என்றார்.

அந்தப் பக்கத்தில் ஒரு அம்மன் கோயில் இருக்கிறது. குடியை விட நினைக்கிறவர்கள் அங்கே போய்க் கயிறு கட்டிக்கொள்வார்கள். பூசாரி ஒரு நோட்டில் பேரையும் எத்தனை மாசத்துக்கு என்பதையும் எழுதுவார். கையெழுத்துப் போடத் தெரிந்தவரும் அங்கே ரேகைதான் வைக்க வேண்டும். கட்டிய பிறகு குடி என்ற பேச்சையே வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது. நாலு பேர் காதில் விழச் சொன்னால் கயிறு அறுந்த மாதிரி, கட்டினவருக்கு ஆகாது. இருபது வருஷமாகத் தினமும் குடித்தவர் ஏழுமலை. ஒரே நாளில் நிறுத்தினால் மூன்றாம் நாள் உடம்பு இப்படித்தான் பழிவாங்கும் என்பது கோயிலுக்குத் தெரியாது. கோயிலில் கயிறு கட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. எங்கள் ஆட்கள் குடியை விட்டால் உபவாச ஜெபத்துக்குப் போவார்கள். லெட்டர் கேட்டது மில்லுக்கு. சொல்லாமல் நின்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று கன்னியப்பனுக்குப் பயம். போலீஸ்காரர் அவரை விட்டதும் நேராக என்னிடம் வந்தார். திட்டப்போகிறார் என்று நின்றேன். "தம்பி பொயச்சிக்குமா சிஸ்டர்?" என்று மட்டும் கேட்டார்.

கயிற்றைக் கூடையிலிருந்து தேடி எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி அமுலுவிடம் நீட்டினேன். என் கையிலிருந்து வாங்கவில்லை. மேஜையில் வைக்கச் சொன்னாள். பிறகு எடுத்துக் கட்டில் கம்பியில் கட்டினாள்.

சாயங்காலம் கோதண்டம் கேஸ் ஷீட்டைத் திருப்பிக்கொண்டே கேட்டார்: "நடுவுல இவங்க யாராச்சும் வந்து சொல்றதுக்குப் பாத்தாங்களா ரோஸி?"

"இல்ல சார்" என்றேன்.

மூச்சு விடுவதைவிடச் சுலபமாக வந்தது அந்தப் பொய். அவர் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கட்டிய நேரம், அவிழ்த்த நேரம் எல்லாம் எழுதப் புதிய படிவத்தில் இடம் இருக்கிறதென்று அந்தப் பெண் போனில் சொன்னாள். கதவைத் தட்டியவர் யார், திறந்தீர்களா என்பதற்கும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். நான் சொல்லித் தரக்கூடியது அவ்வளவுதான்.

நான்காம் நாள் ஏழுமலைக்குத் தெளிந்தது. தன் பேரைச் சொன்னார், அமுலுவை அடையாளம் கண்டு தண்ணீர் கேட்டார். தோளை இழுத்து வைத்துக் கட்டுப்போட்டிருந்தார்கள், ஆனால் அந்தக் கையைத் தலைக்குமேல் தூக்க வரவில்லை. உலை வேலைக்கு இனி ஆகாது என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். குடியை நிறுத்தின உடம்பில் நான் போட்ட அந்த ஊசி வலிப்பைத் தூண்டக்கூடியது. ஊசி போடாவிட்டாலும் வலிப்பு வந்திருக்கலாம் என்று கோதண்டம் எங்களுக்குச் சமாதானம் சொன்னார். வந்திருக்கலாம். வராமலும் போயிருக்கலாம். அந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை தீரவில்லை.

பதினோராம் நாள் டிஸ்சார்ஜ். பயிற்சி டாக்டர்களும் நர்ஸுகளும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். கோதண்டம் அமுலுவுக்கு மாத்திரைகளை விளக்கிவிட்டு, மெதுவாகத்தான் சொன்னார்: "அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா வேற ஊசி போட்டிருப்போம்மா. இனிமே எதுவா இருந்தாலும் சிஸ்டர்கிட்டயாவது சொல்லிடணும்."

அமுலு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இதோ சொல்லப்போகிறாள், இரண்டு தடவை தட்டினேன் இந்தம்மா திரையை இழுத்து மூடினாள் என்று சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"தப்பு எம்மேலதான் சார்" என்றாள். "நான் யார்கிட்டயும் சொல்லவே இல்ல."

எல்லாரும் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்கள். நானும் கூடவே நகர்ந்தேன். அவள் துணிப்பையோடு வராந்தாவுக்கு வந்தபோது பின்னாலேயே போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன் என்று எழுத ஆசைதான். ஆனால் என் புத்தி அப்போதும் விடவில்லை. இவள் எதற்காக என்னைக் காப்பாற்றுகிறாள், என்னிடம் என்ன வேண்டும் இவளுக்கு என்றுதான் அரித்துக்கொண்டிருந்தது.

"எதுக்கும்மா அப்டிச் சொன்ன? என்கிட்ட ஒனக்கு இன்னா வேணும்?"

தோளில் கட்டோடு நின்ற புருஷன் காதில் விழாத தூரத்துக்கு அவள் என்னைத் தள்ளி அழைத்துப் போனாள்.

"இன்னாவும் வோணாம் சிஸ்டர். நாளிக்கு இது மறுபடியும் குட்ச்சிட்டு வியுந்தா இங்கதான தூக்கினு வரணும்? ஒங்களப் பகைச்சிக்கினு நான் எங்க போவேன்?"